சின்ன டெலஸ்கோப்ல நிலா படம்: அஷ்டமி பக்கம் எடுத்தவங்க அனுபவத்த சொல்லுங்க

காட்பாடி மொட்டமாடி:

நிலா படம்னாலே எல்லாரும் பௌர்ணமிக்குத்தான் கேமராவ தூக்கறாங்க. என்ன கேட்டா பௌர்ணமிதான் இருக்கறதுலயே ஏமாத்தற நாள். அன்னைக்கு சூரியன் நம்ம முதுகுக்கு பின்னாடி இருந்து நேரா அடிக்குது, நிலாவுல நிழலே விழாது, நிழல் இல்லன்னா பள்ளம் எது மேடு எதுன்னு எப்படி தெரியும், வெள்ளையா தட்டையா வந்து நிக்கும். டைக்கோ பள்ளத்துல இருந்து கிளம்பற வெளிச்சக் கோடுங்க மட்டும் அன்னைக்கு சூப்பரா இருக்கும், அதுக்காக வேணா எடுக்கலாம். மத்தபடி வளர்பிறை சப்தமில இருந்து தசமி வரைக்கும் விட்டுறாதீங்க.

என்கிட்ட இருக்கறது 80 எம்எம் அகல லென்ஸ் வெச்ச டெலஸ்கோப், எஃப்/5, அதாவது 400 எம்எம் ஃபோகல் லெங்த் (லென்ஸ்ல இருந்து படம் குவியற எடம் வரைக்கும் உள்ள தூரம்). நட்சத்திரக் கூட்டம் பாக்கறதுக்குன்னு விக்கற அகலப் பார்வை டெலஸ்கோப், இதுல நிலா பொடிசா தான் வரும்னு வாங்கறப்பவே சொன்னாங்க. சொன்னது உண்மைதான், சென்சார்ல விழற நிலா 3.6 எம்எம் தான் (உங்க ஃபோகல் லெங்த்த 110ஆல வகுத்துப் பாருங்க, உங்க கணக்கு வந்துரும்). ஆனா இப்ப வர்ற டிஎஸ்எல்ஆர்ல ஒரு பிக்சல் 4 மைக்ரான் கிட்டத்தான், அப்போ நிலா குறுக்க 900 பிக்சல், அது போதாதா? கோபர்நிகஸ் பள்ளம் 93 கிலோமீட்டர் அகலம், வேலூர்ல இருந்து திருவண்ணாமலை போற ரோட்ட விட ஜாஸ்தி, அதுவே படத்துல 24 பிக்சல் வருது. இன்னும் பெருசா வேணும்னா படத்த 2 மடங்கு பெருசாக்கற பார்லோ லென்ஸ் ஒண்ணு நடுவுல மாட்டிக்கலாம். நிலா நகர நகர டெலஸ்கோப்ப திருப்பற மோட்டர் வெச்ச மவுண்ட் தேவையே இல்ல, அஷ்டமிக்கு ஐஎஸ்ஓ 100ல 1/125 செகண்ட் வெச்சாலே வெளிச்சம் பத்தும், அதுக்குள்ள நிலா எங்கயும் நகந்துடாது. ஷட்டர அமுக்கற கை ஆட்டம் தான் படத்த கெடுக்கும், அதனால 2 செகண்ட் டைமர் போட்டுட்டு கைய எடுத்துருங்க.

நம்ம ஊர்ல மேகத்த விட சூடு தான் தொல்லை. பகல் முழுக்க பாறை மலையும் மாடி தளமும் குடிச்ச வெயில ராத்திரி பூரா வெளிய விடும், லைவ் வியூல பத்து மடங்கு பெருசாக்கி பாத்தா நிலா விளிம்பு நெளிஞ்சிக்கிட்டே இருக்கும். நான் பொழுது சாயறப்பவே மாடில தண்ணி ஊத்தி வெச்சிருவேன், டெலஸ்கோப்பையும் அப்பவே வெளிய வெச்சிருவேன், ரெண்டும் ஆறட்டும்னு. அப்புறம் ஒத்தை ஒத்தையா ஃபோட்டோ எடுக்கறத விட வீடியோ எடுத்து, அதுல நெளியாத நல்ல ஃப்ரேமுங்கள மட்டும் பொறுக்கி ஆட்டோஸ்டாக்கர்ட்ல ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கறது தான் சரியான வழி, காசு கூட கேக்காத சாஃப்ட்வேர். இன்னொண்ணு, மாசி பங்குனில வர்ற வளர்பிறை அஷ்டமி நிலா பொழுது சாஞ்ச நேரத்துல கிட்டத்தட்ட நம்ம தலைக்கு மேலயே நிக்கும், நடுவுல காத்து கம்மி, மழையும் கிடையாது. வருஷத்துல இத விட நல்ல நிலா கெடைக்காது.

அப்படி ஒரு மாசி மாசத்துல எதிர் வீட்டு ஆயா மேல வந்தாங்க, துணி எடுக்க. "இன்னாபா இது, பீரங்கி மாரி வெச்சினுகீற"ன்னு கேட்டாங்க, கேமரா ஸ்க்ரீன காட்டினேன். அன்னைக்கு ஏபென்னைன் மலைத்தொடர் சரியா வெளிச்சமும் இருட்டும் சேர்ற கோட்டுல மாட்டியிருந்துது, 600 கிலோமீட்டர் நீளம், சிகரமெல்லாம் 5 கிலோமீட்டர் உயரம், அதோட நிழல் கீழ சமவெளி மேல கூர் கூரா நீண்டு கெடக்குது. ஆயா கண்ணாடிய ஏத்தி விட்டு விரல வெச்சி ஒவ்வொரு நிழலா தடவினாங்க, "இது மலையாபா, நெசமா மலையா"ன்னு. நெசமா மலை தான்னு சொன்னேன். "நம்ம ராக்கெட்டு எங்க எறங்குச்சி"ன்னு அடுத்த கேள்வி. தெற்கு ஓரத்துல மான்ஸினஸ் பள்ளத்துப் பக்கம் காட்டி, 2023 ஆகஸ்ட் 23ந்தேதி இந்தப் பக்கம் தான் ஆயா எறங்குச்சி, ஆனா எறங்கின சந்திரயான்-3 விக்ரம் ரெண்டு மீட்டர் சொச்சம் தான், என் டெலஸ்கோப்ல மூணு கிலோமீட்டருக்கு கீழ எதுவும் பிரிஞ்சி தெரியாதுன்னு சொன்னேன். எடம் தெரிஞ்சா போதும்னுட்டாங்க. மறுநாள் பேரப்பசங்கள கூட்டிட்டு வந்து அந்த எடத்த அவங்களே காட்டினாங்க, எனக்கு வேலையே வெக்கல.

ஆம்பூர் பிறை:

அண்ணா, நீங்க அஷ்டமி ஆளு, நான் பிறை ஆளு. எங்க தெருவுல ரம்ஜான் 29வது நோன்பு முடியற சாயங்காலம் எல்லா மாடிலயும் ஜனம் நிக்கும், எல்லாரும் மேற்க தான் பாப்பாங்க. டெலஸ்கோப் வாங்கினதுல இருந்து பசங்க எங்க மாடிக்கு வந்துடறாங்க. பக்கத்து வீட்டு பெரிய பாய் ஒருத்தர் மட்டும், பிறைன்னா கண்ணால பாக்கணும்பா, குழாய்ல பாக்கறது வேணாம்னுட்டாரு, ஆனா எந்த மரத்துக்கு மேல வரும்னு என்கிட்ட கேட்டு அந்த எடத்தையே இமைக்காம பாத்துட்டு இருந்தாரு, கடைசில எங்களுக்கு எல்லாம் முன்னாடி அவர் தான் பாத்தாரு! புதுசா எடுக்கறவங்களுக்கு ஒண்ணு கண்டிப்பா சொல்லணும், சூரியன் முழுசா மறையற வரைக்கும் டெலஸ்கோப்ப அந்தப் பக்கம் திருப்பவே கூடாது, ஒரு நொடி உள்ள வந்தாலும் கண்ணு போயிடும்.

நான் ஆசையா எடுக்கறது அடுத்த ரெண்டு நாள் பிறைய. பூமில பட்டு திரும்பற வெளிச்சத்துல நிலாவோட இருட்டுப் பக்கமும் சாம்பலா தெரியும்ல, அது 1/4 செகண்ட், ஐஎஸ்ஓ 1600ல நல்லா விழுது, கறுப்பு சமவெளிங்க கூட அடையாளம் தெரியும். அதுக்கு மேல நேரம் வெச்சா மோட்டர் இல்லாததால இழுத்துக்குது. ஆனா ஒரு டவுட்டு, வெளிச்சமான விளிம்ப சுத்தி ஊதா கலர் வழியுதே, உங்களுக்கும் வருதா?

குடியாத்தம் கார்த்தி:

2025 செப்டம்பர் 7 முழு கிரகணத்துக்கு இந்த மாதிரி சின்ன டெலஸ்கோப் தான் எனக்கு கை குடுத்துது. ராத்திரி 11 மணிக்கு முழுசா செவந்து 12.22 வரைக்கும் இருந்துது. எங்க பக்கம் மேகம் வந்து வந்து போச்சு, பெரிய டெலஸ்கோப்னா நிலாவ தேடிப் பிடிக்கறதுக்குள்ள அடுத்த மேகம் வந்துரும், இதுல பார்வை அகலம்ங்கறதால நிலா எப்பவும் உள்ளயே இருந்துது, சுத்தி ரெண்டு மூணு நட்சத்திரமும் சேந்து விழுந்துது. பௌர்ணமில நட்சத்திரத்தோட நிலா எடுக்கணும்னா கிரகணத்துல மட்டும் தான் முடியும். அரை செகண்ட், ஐஎஸ்ஓ 3200, கொஞ்சம் புள்ளி புள்ளியா தான் வந்துது ஆனா அந்த செம்புக் கலர் அப்படியே இருக்கு.

காட்பாடி மொட்டமாடி:

பிறை தம்பி, எனக்கும் வருது. ரெண்டு கண்ணாடி வெச்ச சாதா லென்ஸ், அதுவும் எஃப்/5னா ஊதா வெளிச்சம் மட்டும் வேற எடத்துல போய் குவியும், டெலஸ்கோப் பழுதுன்னு நெனைக்காதீங்க. நான் ரா ஃபைல்ல எடுத்து, பச்சை சேனல மட்டும் பிரிச்சி கறுப்பு வெள்ளையா மாத்திடுவேன், இந்த லென்ஸெல்லாம் பச்சைல தான் ரொம்ப ஷார்ப்பா இருக்கும். நிலா எப்படியும் பெரும்பாலும் சாம்பல் தானே, கலர் போறதால நஷ்டமில்ல. கிரகணத்துக்கு மட்டும் இது ஆகாது, கார்த்தி மாதிரி கலராவே வெச்சிக்கங்க. வர்ற நவமிக்கு வானம் விட்டா ரெண்டு பேரும் நிலாவுல ஸ்ட்ரெயிட் வால்ங்கற நேர் கோட்டுச் சரிவ எடுத்துப் பாருங்க, தெற்குப் பாதில 110 கிலோமீட்டர் நீளத்துக்கு கறுப்பா ஒரே கோடு, 80 எம்எம்லயே மாட்டும்.