குட்டிக்குக் காதுகுத்து: நம் குடும்பம், ரங்கூன்

தம்பி: பந்தல்காரர் கீழே நிற்கிறார். தெரு முழுக்கவா, பாதியா?

அத்தை: முழுக்க. வெயில் தாங்காது.

பெரியப்பா: பொறு. நேற்று ராத்திரி பக்கத்துத் தெருவில் ஜெனரேட்டர் எரிந்ததே, அதற்குள் மறந்துவிட்டதா?

அக்கா: புகை எங்கள் ஐந்தாம் மாடி வரை வந்தது.

சித்தி: மூன்றாம் மாடிப் பாட்டி?

அக்கா: நன்றாக இருக்கிறார். மாடியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் மணிக்கயிற்றைக் கீழே இருந்து யாரோ விடாமல் இழுத்திருக்கிறார்கள். அதில்தான் விழித்தாராம்.

பெரியப்பா: நான் அங்கேதான் நின்றேன். முதல் தண்ணீர் வண்டி வந்தும் உள்ளே நுழைய முடியவில்லை. இரண்டு காரும் வெற்றிலைக்கடைத் தள்ளுவண்டியும் மறித்தன. எல்லோருமாகத் தூக்கி நகர்த்தினோம். டீசல் என்று தெரிந்ததும் நுரை வண்டியைக் கூப்பிட்டார்கள். டீசல் தீயில் தண்ணீரை அடித்தால் எண்ணெய் மேலே மிதந்து எரிந்துகொண்டே ஓடும். நுரை போர்வை மாதிரி மூடிக் காற்றை அடைக்கும்.

சித்தி: பிரியாணியா சைவமா? சமையல்காரர் கேட்கிறார்.

அத்தை: காளி கோயிலில் காது குத்திவிட்டுப் பிரியாணியா?

பெரியப்பா: பின்னால் மீட்பு வண்டி. ஜன்னலுக்கு ஜன்னல் கம்பி அடித்து வைத்திருக்கிறோமே, அதை அறுக்கும் கருவி அதில்தான் வரும். புகைக்குள் போகிறவர் முதுகில் கட்டும் காற்று உருளையும் அதில் இருக்கும்.

அண்ணி: அப்போ ஏணி வண்டி?

பெரியப்பா: அதுதான் கவலை. ஏணியைத் தூக்கும் முன் வண்டி இரண்டு பக்கமும் கால் ஊன்ற வேண்டும். சுமார் 5 மீட்டர் அகலம் வேண்டும். நம் தெருவில் கார் நின்றால் அது கிடையாது. மேலே மின்கம்பி வேறு. ஆகவே தண்ணீர் வண்டியாவது வாசல் வரை வந்தாக வேண்டும். 3000 லிட்டர் இருக்கிறது, நிமிடத்துக்கு 500 அடிக்கிறார்கள் என்று வை. ஆறே நிமிடம். அதற்குள் பெரிய டேங்கர் தெருமுனையில் நின்று குழாய் வழியாக ஊட்ட வேண்டும்.

சித்தி: 2010இல் மிங்கலா சேய் சந்தை எரிந்தபோது நம் கைலிக்கடையும் போயிற்று. கேட்டால் வயிறு கலங்குகிறது.

அத்தை: அன்றைக்குக் கடன் கொடுத்தது யார் என்பதும் நினைவிருக்கட்டும்.

சித்தி: திருப்பிக் கொடுத்தாயிற்று.

தம்பி: 🙏🙏 பந்தல்காரர் நிற்கிறார்.

பெரியப்பா: ஒரு பக்கம் மட்டும் போடு. மறுபக்கம் லாரி போகும் அகலம் காலியாக இருக்கட்டும். அடுப்பும் கேஸ் சிலிண்டரும் படிக்கட்டு வாசலில் கூடாது. ஏழு மாடிக்கும் இறங்க அந்த ஒரு வழிதான். தீ என்றால் 191. எல்லோரும் போனில் போட்டு வையுங்கள்.

அக்கா: போட்டுவிட்டேன்.

அண்ணி: நானும்.

அத்தை: ஒரு பக்கம் என்றால் 80 பேரை எங்கே உட்கார வைப்பது?

பெரியப்பா: இரண்டு பந்தியாகப் போடலாம்.

அத்தை: மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் பந்தியிலா?

தம்பி: டேப் எடுத்துக்கொண்டு இறங்குகிறேன். அளந்துவிட்டுச் சொல்கிறேன்.

சித்தி: பிரியாணி?