அப்பப்பாவின் பழைய கார்: திருத்துவதா, இரும்புக்குக் கொடுப்பதா? அவசரம்

கல்லடிப் பேரன்:
வணக்கம். வளவில் அப்பப்பாவின் பழைய கார் நிற்கிறது, பல வருடமாக ஓடவில்லை. இரும்பு எடுப்பவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து ஏற்றிக்கொண்டு போகிறேன் என்கிறார். வீட்டில் எல்லோரும் கொடுத்துவிடு என்கிறார்கள், எனக்கு மனம் வரவில்லை. என்ஜின் இறுகிவிட்டது போல இருக்கிறது. திருத்தி எடுக்க எவ்வளவு காசு முடியும்? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

வாழைச்சேனை வாசி:
என்ன கார் தம்பி? எத்தனை வருடமாக நிற்கிறது? கொட்டிலுக்குள்ளா, மழையிலா?

பழைய ஸ்பானர்:
காரின் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, படம் இல்லை. எதை வைத்து விலை சொல்வது? முப்பது வருடமாகப் பழைய வண்டியோடு கிடக்கிறேன், இப்படித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். முதலில் கேட்கப் பழகுங்கள்.

கல்லடிப் பேரன்:
மன்னிக்கவும். மொரிஸ். மாமரத்துக்குக் கீழே படங்கு போட்டு மூடியிருக்கிறது.

கல்முனை காக்கா:
மொரிஸ் என்றால் மைனரா, ஒக்ஸ்போர்டா? முன் கண்ணாடி ஒரே துண்டா, நடுவில் கம்பி இருக்கிறதா?

கல்லடிப் பேரன்:
சின்னது, மைனர்தான். கண்ணாடி ஒரே துண்டு. கதவுக்குப் பின்னால் தூணில் ஒரு பிளவு இருக்கிறது, அதற்குள் சின்னக் கை மாதிரி ஒன்று மடிந்து கிடக்கிறது.

பழைய ஸ்பானர்:
அது திரும்பும்போது வெளியே நீளும் சிக்னல் கை. ஒரே கண்ணாடி வந்தது 1956இல், அந்தக் கை நின்றது 1961இல். ஆகவே உங்களுடையது அந்த இடைப்பட்ட காலத்து மைனர் 1000. யாரும் மாற்றியிருக்காவிட்டால் உள்ளே 948 சிசி என்ஜின். 1098 வந்தது 1962இல்தான். இந்த ஒரு வரியை முதலிலேயே எழுதியிருக்கலாம்.

ஏறாவூர் மெக்கானிக்:
என்ஜின் இறுகினால் பயப்பட வேண்டாம். நாலு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் கொஞ்சம் டீசல் ஊற்றுங்கள். நாலைந்து நாள் அப்படியே விடுங்கள். பிறகு முன்பக்கத் துளையில் ஹேண்டிலைப் போட்டு இரண்டு பக்கமும் மெதுவாக அசையுங்கள். தள்ளி ஸ்டார்ட் பண்ணப் போகாதீர்கள், பிஸ்டன் வளையம் உடைந்துவிடும். என் அனுபவத்தில் இப்படி நின்ற என்ஜின்களில் பாதிக்கு மேல் இளகியிருக்கின்றன.

யாழ் ரோட்டுக்காரன்:
அதற்கு முன்னால் ஒயிலைப் பாருங்கள். தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் பெற்றோல் இல்லாமல் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கிவிடும், பெயரிங் போய்விடும். இந்த வண்டியும் அப்படி ஓடியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஏறாவூர் மெக்கானிக்:
மட்டக்களப்புக் காரை யாழ்ப்பாணத்துக் கணக்கில் பார்க்காதீர்கள்.

கல்முனை காக்கா:
தம்பி, பழைய என்ஜினோடு மாரடிக்காதீர்கள். நிசான் சன்னி என்ஜினையும் கியர்பொக்சையும் தூக்கிப் போடுங்கள். வாப்பாவின் மைனரில் அதைத்தான் போட்டோம். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு எத்தனையோ வருடம் ஓடினோம், ஒரு நாளும் வழியில் நிற்கவில்லை.

பழைய ஸ்பானர்:
அப்படிச் செய்தால் அது மைனர் இல்லை, மைனர் தகரம் போர்த்த சன்னி. சீஆர் புத்தகத்தில், அதாவது வண்டியின் பதிவுப் புத்தகத்தில், இருக்கும் என்ஜின் இலக்கத்தையும் மாற்ற வேண்டும். நாலு சக்கரத்திலும் டிரம் பிறேக், அந்த வேகத்தை அது தாங்காது.

கல்முனை காக்கா:
பிறேக்கையும் மாற்றினோம், புத்தகத்திலும் பதிந்தோம். ஓடாமல் நிற்கும் ஒரிஜினலை விட ஓடும் வண்டி மேல். வாப்பா கடைசி வரை அதில்தான் பள்ளிவாசலுக்குப் போனார்.

வாழைச்சேனை வாசி:
இரண்டு பேரும் நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை இரும்புக்காரர் வருகிறார். தம்பி, நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. கல்லடி என்றால் கடற்கரை, 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று கார் அங்கேதான் நின்றதா? கடல் தண்ணீர் ஏறிய வண்டி என்றால் நானே கொடுத்துவிடச் சொல்வேன்.

கல்லடிப் பேரன்:
இல்லை. 1996இல் அப்பப்பா ஓட்டுவதை நிறுத்தினார். அதிலிருந்து கடலிலிருந்து தள்ளி, செங்கலடியில் சித்தப்பா வளவில் கொட்டிலுக்குள் நின்றது. 2010க்குப் பிறகுதான் இங்கே இழுத்து வந்தோம்.

வாழைச்சேனை வாசி:
இதுதான் முக்கியமான தகவல். என்றாலும் இந்தப் பத்துப் பதினைந்து வருடக் கடற்காற்று சும்மா விட்டிருக்காது. ஈரத்தை அடக்கி வைப்பதால் படங்கு இன்னும் கெடுதல். என்ஜினை விடுங்கள், என்ஜின் தேடினால் கிடைக்கும். மைனருக்குத் தனிச் சட்டம் (சேசிஸ்) கிடையாது, உடம்பும் சட்டமும் ஒன்று. கறள் சட்டத்தைத் தின்றிருந்தால் அதன் மேல் எதைப் பூட்டியும் பயனில்லை.

ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவரோடு கீழே படுங்கள். என்ஜினைத் தாங்கிப் பின்னால் போகும் இரண்டு முன் கால்கள், முன் இருக்கைக்கு நேர் கீழே குறுக்காக ஓடும் சட்டம், கதவுக்குக் கீழ்ப்படி, பின் வில் பூட்டிய இடம். ஒவ்வொன்றையும் அழுத்திக் குத்துங்கள். டங் என்று சத்தம் வந்தால் நல்லது. பிஸ்கட் மாதிரி நொறுங்கி உள்ளே போனால் அங்கே வெட்டிப் புதுத் தகடு வைக்க வேண்டும். குறுக்குச் சட்டத்தில் முன் சக்கரங்களின் முறுக்குக் கம்பி பூட்டியிருக்கிறது, அது மட்டும் போகவே கூடாது. அப்புறம் பெயின்ட் மேல் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடமெல்லாம் ஓட்டையை மறைத்துப் பூசிய பட்டி. அந்தப் பட்டியைச் சுரண்டுவதற்கு முன் செலவு இவ்வளவுதான் என்று தகர வேலை செய்யும் எந்த டிங்கர் பாஸ் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பழைய ஸ்பானர்:
இதில் எனக்கு மறுப்பு இல்லை. ஒன்றைச் சேர்க்கிறேன். பற்றரி பூட்டும்போது கவனம். இந்த வண்டியில் பிளஸ் முனைதான் உடம்போடு சேரும், இந்தக் காலத்துக் கார் மாதிரி மாற்றிப் பூட்டாதீர்கள். தகடு கிடைக்காது என்ற பயமும் வேண்டாம். தெற்கே காலிப் பக்கம் கொஸ்கொடவில் மைனர் தகடுகளைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். சீஆர் புத்தகம் யார் பெயரில் இருக்கிறது?

ஏறாவூர் மெக்கானிக்:
டீசல் ஊற்றினீர்களா தம்பி?

யாழ் ரோட்டுக்காரன்:
ஒயில் என்ன நிறம்?

கல்முனை காக்கா:
ஞாயிறும் போய்விட்டது. கொடுத்துவிட்டீர்களா?

கல்லடிப் பேரன்:
கொடுக்கவில்லை. இடது கீழ்ப்படியில் என் கை போகும் அளவுக்கு ஓட்டை, இடது முன் காலிலும் இரண்டு இடம் உள்ளே போனது. வலது பக்கம் நல்லது. குறுக்குச் சட்டத்தை அப்பாவும் வந்து படுத்துக் குத்திப் பார்த்தார், முழுக்க டங் டங் என்றுதான் கேட்டது. ஒயில் கறுப்பு, தண்ணீர் கலக்கவில்லை. இன்று காலை ஹேண்டிலைப் போட்டதும் கால் சுற்று அசைந்தது. புத்தகம் அப்பப்பா பெயரில்தான், அலுமாரியில் தேடுகிறோம். எல்லோருக்கும் நன்றி.

வாழைச்சேனை வாசி:
நல்ல செய்தி தம்பி. அந்த இடது முன் காலை வெட்டுவதற்கு முன் கதவுகள் சரியாகப் பூட்டுகின்றனவா என்று பாருங்கள். கீழே முட்டுக் கொடுக்காமல் வெட்டினால் உடம்பு தொய்ந்துவிடும். படங்கையும் இன்றைக்கே எடுத்துவிட்டு மேலே கிடுகு போடுங்கள்.

பழைய ஸ்பானர்:
புத்தகம் கிடைத்ததா?