மாஹிமில் குப்பை எண்ணுகிறோம், யோசனை சொல்லுங்கள்

வணக்கம். தாராவியில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் பன்னிரண்டு பேரை மாஹிம் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன், குப்பையை எண்ணுவதற்கு. 100 மீட்டர் அளந்து, கிடந்ததையெல்லாம் வகை பிரித்து நோட்டில் குறித்தோம். ஷாம்பு பாக்கெட், குட்கா உறை, அப்புறம் காது குடையும் பஞ்சுக்குச்சி. பிளாஸ்டிக் குச்சிக்கு 2022 ஜூலையிலேயே தடை வந்துவிட்டது என்றதும், “அப்போ இது எப்படி டீச்சர் வந்துச்சு?” என்றாள் ஒரு வாண்டு. மிட்டி ஆறு கொண்டுவந்து தள்ளியிருக்கும் என்றேன். பாதி பதில்தான்.

சரி, சிக்கலுக்கு வருகிறேன். நைந்து கிழிந்த கவரை ஒன்றாக எண்ணுவதா, துண்டு துண்டாகவா? பாதியில் முறையை மாற்றிக் கணக்கைக் குழப்பிவிட்டோம். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட ஆசை. தமிழில் கணக்கெடுப்புப் படிவம் வைத்திருப்பவர்கள் கொடுங்கள். சின்னக் கைக்குப் பொருந்தும் கையுறை மும்பையில் எங்கே கிடைக்கும்?