ஆமைக்குட்டியின் ஓடு அமுங்குகிறது, உதவுங்கள்

வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஒரு சிவப்புக் காது ஆமைக்குட்டி வளர்கிறது. நில ஆமை வளர்க்க இங்கே அனுமதி இல்லை, இது அனுமதியுள்ள வகைதான்.

காய்ந்த இறாலைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்கிறது. கீரையைப் போட்டால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. நேற்றுத் தண்ணீர் மாற்றக் கையில் எடுத்தேன். ஓட்டின் ஓரம் விரலுக்கு அமுங்கியது. பகீரென்றது.

கால்சியமும் புற ஊதா ஒளியும் குறைந்தால் இப்படி ஆகும். சன்னல் வெயில் போதும் என்று நினைத்தது என் தவறு, கண்ணாடி அந்த ஒளியைத் தடுத்துவிடுகிறது. இப்போது அந்த ஒளியைத் தரும் யூவிபி விளக்கு வாங்கிவிட்டேன். வெயில் காயும் மேடைக்கு மேல் எவ்வளவு உயரத்தில் மாட்டுகிறீர்கள்? இறாலிலிருந்து குருணைத் தீனிக்கு எப்படி மாற்றினீர்கள்? அப்புறம், வடக்குப் பக்கம் ஆமை பார்க்கும் கால்நடை மருத்துவர் இருந்தால் இன்றே சொல்லுங்கள், நாளைக்கே தூக்கிக்கொண்டு போகிறேன்.