பாதாளம் என்றாலே தண்டனைதானா?

கேள்வி: மதிவதனி

எங்கள் வீட்டில் அம்மா தினமும் வேதாகமம் வாசிப்பவர். மாமியார் மார்கழி முழுவதும் திருவெம்பாவை பாடுபவர். இருவர் மடியிலும் வளர்கிற என் மகள் ஆழ்கடல் பற்றிய படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, "பாதாளம் இதுதானா? அங்கே கெட்டவர்கள்தான் இருப்பார்களா?" என்று கேட்கிறாள். வெளிப்படுத்தின விசேஷத்தில் பாதாளக்குழியைத் திறந்ததும் சூளைப் புகைபோல் புகை எழும்புகிறதே, அது அவள் மனதில் பதிந்துவிட்டது. என்ன சொல்வது?

பதில்: சிவநேயன்

பாகவத புராணத்தில் நரகம் வேறு, பாதாளம் வேறு. அதலம் முதல் பாதாளம் வரையிலான ஏழு கீழுலகங்களும் செல்வம் கொழிக்கும் இடங்கள். அங்கே சூரியன் இல்லை. நாகங்களின் தலைமணிகளே ஒளி தருகின்றன. மூன்றாவதான சுதலத்தில் மகாபலி ஆள்கிறார், திருமாலே அவருடைய வாயிலில் காவல் நிற்கிறார். தண்டிக்கப்பட்டவனின் வாசலில் கடவுள் காவல் நிற்பாரா? குழந்தையிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

பதில்: பவளன்

விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான்; ஆலயத்தில் வேதம் வாசிப்பவனும்கூட. உங்கள் மகள் அந்தப் புகையைப் பிடித்துக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஏனென்றால் கடலடியில் உண்மையாகவே புகை எழுகிறது.

1979இல் மெக்சிகோவை ஒட்டிய பசிபிக் கடலில், ஆல்வின் என்னும் நீர்மூழ்கியில் இறங்கியவர்கள் ஏறத்தாழ 2,600 மீட்டர் ஆழத்தில் கரும்புகை கக்கும் கற்குழாய்களைக் கண்டார்கள். பாறை வெடிப்புகளுக்குள் இறங்கும் கடல்நீர் பூமியின் சூட்டில் 350 டிகிரி செல்சியஸ் வரை காய்ந்து, உலோகங்களைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. வெளியே உள்ள குளிர்நீர் பட்டதும் அவை கருந்தூளாகப் பிரிகின்றன. அவ்வளவு சூட்டிலும் அந்த நீர் கொதிப்பதில்லை; மேலே நிற்கும் கடலின் பாரம் அதைக் கொதிக்க விடுவதில்லை.

இதற்கு முன்பே, 1977இல், கலாபகோஸ் அருகே இத்தகைய வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிச் சிப்பிகளும் நண்டுகளும் ஆள் உயரக் குழாய்ப்புழுக்களும் கூட்டம் கூட்டமாக இருப்பதைக் கண்டிருந்தார்கள். அந்தப் புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. அதன் உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள், நமக்கு நஞ்சான ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து ஆற்றல் எடுத்து அதற்கு உணவு ஆக்குகின்றன.

19ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர், 300 பாகத்துக்கு (ஏறத்தாழ 550 மீட்டர்) கீழே உயிர் இருக்காது என்று கருதினார். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் அதைவிடப் பல மடங்கு ஆழத்திலிருந்து உயிர்களை அள்ளிவந்தது. தன் வலைக்கு எட்டாத இடத்தை வெறுமை என்று எண்ணுவது மனிதருக்கு எளிது. சங்கீதக்காரர் அப்படி எண்ணவில்லை: "நான் பாதாளத்தில் படுக்கை போட்டாலும், நீர் அங்கேயும் இருக்கிறீர்" (139ஆம் சங்கீதம்). உங்கள் மாமியார் பாடும் "பாதாளம் ஏழினும்கீழ் சொற்கழிவு பாதமலர்" இன்னும் கீழே போகிறது. ஏழு பாதாளங்களையும் தாண்டி அங்கே இருப்பது ஈசனின் திருவடி!

மதிவதனி

நன்றி ஐயா. அப்படியானால் அந்தக் குழியைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிடலாமா?

பவளன்

வேண்டாம் அம்மா, பயத்தை முழுவதும் துடைத்துவிடாதீர்கள். லூக்கா 8ஆம் அதிகாரத்தில் பிசாசுகளே தங்களைப் பாதாளத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று மன்றாடுகின்றன. 1960இல் மரியானா அகழியின் அடியைத் தொட்ட ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் இருந்த எஃகு உருண்டையை ஆயிரம் வளிமண்டலங்களுக்கும் மேற்பட்ட அழுத்தம் நெருக்கியது. அங்கே மனிதன் அஞ்சித்தான் இறங்க வேண்டும்.

எனக்குள்ள கவலை வேறு. 4,000 மீட்டருக்கும் கீழே உள்ள சமவெளிகளில் மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் அடங்கிய, முடிச்சுகள் எனப்படும் உருண்டைக் கட்டிகள் கிடக்கின்றன. மத்திய இந்தியப் பெருங்கடலில் அவற்றை ஆராய 75,000 சதுர கிலோமீட்டர் நம் நாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு முடிச்சு சில மில்லிமீட்டர் வளரப் பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும். பெரு நாட்டுக்கு அப்பால் 1989இல் சோதனைக்காகக் கடலடியை உழுத தடங்கள், கால் நூற்றாண்டு கழித்துப் பார்த்தபோதும் மாறாமல் இருந்தன. வெறும் பாழ்நிலம்தானே என்று தோண்டத் துடிப்பவர்கள் அந்த முடிச்சுகளின் மேலேயே கடற்பஞ்சுகள் ஒட்டி வாழ்வதைப் பார்க்க வேண்டும். உங்கள் மகளுக்கு அந்தப் படங்களையும் காட்டுங்கள்.