ஆச்சிக்குத் தண்ணீர் குடித்தாலே புரை ஏறுகிறது, நாக்குப் பயிற்சி உதவுமா?

அம்பைக்காரன்:
ஆச்சிக்குப் பக்கவாதம் வந்து 2 மாதம் ஆகிறது. சொதி விட்டுக் குழையப் பிசைந்த சோறு இறங்கிவிடுகிறது. ஒரு மடக்கு தண்ணீர் குடித்தால்தான் புரை ஏறிக் கண் கலங்குகிறது. சோறும் இடது கன்னத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது, அவளுக்கே தெரிவதில்லை. நாக்குக்குப் பயிற்சி உண்டு என்கிறார்கள். வீட்டில் செய்யலாமா?

பாளை மருமகள்:
என் மாமனாருக்கும் இதே கதைதான். தண்ணீர் சட்டென்று ஓடிவிடும், தளர்ந்த நாக்கால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. விழுங்கப் பயிற்சியும் தரும் ஸ்பீச் தெரபிஸ்ட் (பேச்சுப் பயிற்சியாளர்) சொல்லித் தந்தது இது: கரண்டியின் பின்பக்கத்தை நாக்கின் மேல் வைத்து நான் லேசாக அழுத்துவேன், அவர் நாக்கால் மேலே தள்ளுவார். அப்புறம் உள்ளிருந்து கன்னத்தை நாக்கால் முட்டுவார், வெளியே என் விரல் எதிர்த்துத் தள்ளும். "என்னைச் சின்னப் பிள்ளையாக்கிட்டியே" என்று முதல் வாரம் ஒரே கோபம்! பேரனும் சேர்ந்து செய்த பிறகுதான் வழிக்கு வந்தார்.

கடையம் அண்ணாச்சி:
தம்பி, நாக்கு நுனியைப் பல்லிடையில் வைத்து விழுங்கும் பயிற்சி ஒன்று உண்டு. அது எச்சிலுக்கு மட்டும்தான், சோறு தண்ணீரோடு கூடவே கூடாது. அதையும் தெரபிஸ்ட் பார்த்துச் சொன்னால்தான். சாப்பிட்டு அரை மணி நேரம் ஆச்சி நிமிர்ந்தே உட்காரட்டும். சாப்பிட்டதும் குரல் களகளவென்றாலோ காய்ச்சல் வந்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள், உணவு நுரையீரலுக்குள் போயிருக்கலாம்.

அம்பைக்காரன்:
சரி அண்ணாச்சி, திங்கட்கிழமை பாளையங்கோட்டைக்குத் தெரபிஸ்டிடம் கூட்டிப் போகிறேன். ஆச்சிக்கு ஒரே கவலைதான்: "காப்பி உண்டா, கிடையாதா?"