பரிமாற்ற அரையாண்டு: விமானச்சீட்டுக்கு முன் பீடத்தில் முடிக்க வேண்டியவை

கொழும்பிலுள்ள ஓர் அரச பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, 2022 ஒக்டோபரில், ஜேர்மனியின் நடுத்தர நகரமொன்றுக்கு ஓர் அரையாண்டு படிக்கப் போய் வந்தேன். அதன் பின் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தெரிவாகும் தம்பி தங்கைமார் என்னிடம் முதலில் கேட்பது விசாவைப் பற்றித்தான். விசாவுக்குக் கீழே வருகிறேன். ஆனால் எனக்குத் தெரிந்து இந்த அரையாண்டினால் அல்லற்பட்டவர்களில் பெரும்பாலானோர் அல்லற்பட்ட இடம் தங்களுடைய சொந்தப் பீடம்தான். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பரிமாற்றம் என்பது இரு பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஏற்கெனவே உள்ள உடன்படிக்கையின் பேரில் நடப்பது. உங்கள் பட்டம் இங்கேயே இருக்கும். அங்கே கற்பித்தற் கட்டணம் அறவிடமாட்டார்கள். நீங்கள் தாய்ப் பல்கலைக்கழகத்தின் மாணவராகவே போய், அதன் மாணவராகவே திரும்புகிறீர்கள். காலி வீதி நெடுகப் பலகை மாட்டியிருக்கும் ஏஜென்சிகள் செய்து தருவது வேறு அலுவல், அது முழுப் பட்டத்துக்கான அனுமதி. பரிமாற்றத்துக்கு ஏஜென்சி எதுவும் தேவையில்லை. உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச உறவுகள் பிரிவு உங்கள் பெயரை முன்மொழிந்தால் மட்டுமே அங்குள்ளவர்கள் விண்ணப்பப் படிவத்துக்கான இணைப்பை அனுப்புவார்கள் என்பதால், இதற்காக ஒருவருக்குப் பணம் கொடுப்பது வீண் செலவு.

இனி கிரெடிட் கணக்கு. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் ஓர் அரையாண்டுக்கு 30 இசிடிஎஸ் (ஐரோப்பாவின் பொதுவான கிரெடிட் முறை) கிரெடிட், ஓர் ஆண்டுக்கு 60 என்று எண்ணுகின்றன. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி நமக்கு ஓர் ஆண்டுக்கு 30, அதாவது அரையாண்டுக்கு 15. இதைப் பார்த்துவிட்டு அவர்கள் இரு மடங்கு படிக்கிறார்கள் என்று சிலர் மிரளுகிறார்கள். நமது ஒரு கிரெடிட் 50 மணித்தியால உழைப்பைக் குறிக்கிறது, அவர்களுடையது 25 முதல் 30 மணித்தியாலம் வரையானது. எனவே அங்கே இரண்டு எடுத்தால் இங்கே ஒன்று. நீங்கள் இங்கே தவறவிடப்போகும் பாடங்கள் 15 கிரெடிட் என்றால், அங்கே 30க்குப் பாடம் எடுக்க வேண்டும். சுற்றிப் பார்க்கலாம் என்று எண்ணி 18 மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்கள், மீதியை இளைய பட்சுடன் அமர்ந்து எழுதி முடித்தார்கள்.

எந்த அந்நியப் பாடம் எந்த உள்ளூர்ப் பாடத்துக்கு ஈடாகும் என்பதை எழுதி, நீங்களும் இரு பல்கலைக்கழகங்களும் கையெழுத்திடும் ஆவணத்தை லேர்னிங் அக்ரிமென்ட் என்கிறார்கள். துறைத்தலைவர் ஒப்பமிட்டுவிட்டார், போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அது பீடச் சபையில் சமர்ப்பிக்கப்பட்டு, தேவைப்பட்டால் மூதவைக்கும் (செனட்) போய், அந்தத் தீர்மானம் கூட்டக் குறிப்பில் பதியப்பட்டிருக்க வேண்டும். துறைத்தலைவர்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறக்கூடியவர்கள். கூட்டக் குறிப்பு மாறாது. நான் குறிப்பின் பிரதியைக் கேட்டு வாங்காமல் புறப்பட்டேன். திரும்பி வந்தபோது புதிய தலைவர் மிகுந்த அன்போடுதான் பேசினார், ஆனால் நான் எடுத்த புள்ளிவிபரவியல் பாடத்தை ஏற்பதற்கு முன் அதன் பாடத்திட்டம் முழுவதையும் ஆங்கிலத்தில் தரும்படி கேட்டார். அதைப் பெற்றுச் சமர்ப்பித்து முடிக்க ஐந்து மாதங்கள் போயின.

புள்ளிகளில் இதைவிட விநோதமான ஒரு சிக்கல் இருக்கிறது. ஜேர்மனியில் 1.0 என்பது அதிசிறப்பு, 4.0 என்பது மயிரிழையில் சித்தி, 5.0 என்றால் தோல்வி. நம்மிடத்திலோ 4.0தான் உச்சம். என்னுடைய பெறுபேற்று அட்டவணையில் ஒரு பாடத்துக்கு 1.3 கிடைத்திருந்தது, பரீட்சைப் பிரிவில் அதைக் கையில் எடுத்த அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பிள்ளை, இது சி-யும் இல்லையே, ஏன் இதுக்காக அவ்வளவு தூரம் போனனீங்கள்?" என்று உண்மையான பரிவோடு கேட்டார். அட்டவணையின் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டிருந்த விளக்கத்தைக் காட்டிய பிறகுதான் அவர் முகம் மலர்ந்தது. அந்தப் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிரதி எடுத்து வையுங்கள்.

இதில் முன்கூட்டியே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: அங்கு பெறும் புள்ளிகள் உங்கள் ஜிபிஏ-க்குள் (சராசரித் தரப்புள்ளிக்குள்) மாற்றிச் சேர்க்கப்படுமா, அல்லது வெறும் சித்தி என்று மட்டும் பதியப்படுமா? மாற்றுவதாயின் எந்தச் சூத்திரத்தின்படி? ஜேர்மனியர்கள் வெளிநாட்டுப் புள்ளிகளைத் தம் அளவுக்குக் கொண்டுவர பவேரியச் சூத்திரம் என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அதையே தலைகீழாகப் போட்டு, நமது சித்தி எல்லையை 2.0 என்று வைத்துக் கணக்கிட்டால், அவர்களுடைய 2.0 நமது 3.3 அளவுக்கு வரும். முதல் வகுப்பு எல்லையில் நிற்கும் ஒருவருக்கு இது சிறிய விடயம் அன்று. முதல் வகுப்பே குறியென்றால் வெறும் சித்தியாகப் பதியப்படுவதுதான் பாதுகாப்பு என்பது என் அபிப்பிராயம். துணிச்சல்காரர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள்.

நாட்காட்டி இன்னொரு தலைவலி. அவர்களுடைய குளிர்கால அரையாண்டு ஒக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை, கோடைகாலம் ஏப்ரல் 1 முதல் செப்டெம்பர் 30 வரை. விரிவுரைகள் ஒக்டோபர் நடுவிலும் ஏப்ரல் நடுவிலும் தொடங்கும். இது ஆண்டுதோறும் மாறாது. நம்முடையது எப்படியென்று உங்களுக்கே தெரியும். 2024இல் கல்விசாரா ஊழியர்களின் பணிப்புறக்கணிப்பு இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தபோது, அந்த ஆண்டு போகவிருந்த ஒரு தம்பிக்கு இங்குள்ள பரீட்சைத் திகதிகள் அங்குள்ள வகுப்புகளின் மேல் வந்து விழுந்தன. அவர் செய்தது புத்திசாலித்தனமானது: புறப்படுவதற்கு முன்பே பீடாதிபதிக்குக் கடிதம் எழுதி, அந்தப் பரீட்சைக்கு அடுத்த முறை தோற்றினாலும் முதற் தடவையாகவே கருதப்படும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொண்டார். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மீள்பரீட்சை எழுதுபவருக்குரிய புள்ளி வரம்பு உங்கள் தலையில் விழும். மஹாபொல புலமைப்பரிசில் பெறுபவர்கள், இல்லாத மாதங்களில் அது என்னவாகும் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுவது நல்லது.

தமிழர்களுக்கே உரிய ஒரு தொல்லை பெயர். நம் மாணவர் அடையாள அட்டையில் முதலெழுத்துகளும் சொந்தப் பெயரும் இருக்கும், கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் முழுதாக விரிந்திருக்கும், பிறப்புச் சான்றிதழில் எழுத்துக்கூட்டு வேறாக இருக்கும். ஜேர்மனிய அலுவலகங்கள் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உள்ளதையே பிடித்துக்கொள்ளும். அங்கிருந்த ஆறு மாதமும் நான் என் அப்பாவின் பெயரால்தான் அழைக்கப்பட்டேன். தபாற்பெட்டியிலும் அவர் பெயரே. அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை, ஆனால் விண்ணப்பம், புலமைப்பரிசில் கடிதம், காப்புறுதி, வங்கி ஆகிய நான்கிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே, அதே வரிசையில், பெயரைத் தருவதென்று முதல் நாளே முடிவெடுங்கள். கடவுச்சீட்டுக்கும் சான்றிதழ்களை உறுதிப்படுத்துவதற்கும் போக வேண்டிய இடம் பத்தரமுல்லை சுஹுருபாய. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கமுள்ளவர்கள் கொள்ளுப்பிட்டிக்குப் போய் 177 பஸ் பிடிக்கலாம். சிங்களத்திலோ தமிழிலோ உள்ள சான்றிதழ்களை சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கூடவே கொடுத்துவிடுங்கள், அவர் தன் விருப்பப்படி எழுத்துக்கூட்டமாட்டார்.

இனி விசா. தேவையானது தேசிய விசா, அதாவது நீண்ட காலம் தங்குவதற்கானது; சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள். 2024 செப்டெம்பர் முதல் வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 992 யூரோ, ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் என்பது அளவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் இராஸ்மஸ் புலமைப்பரிசில் கிடைத்தவர்கள் அந்தக் கடிதத்தையே காட்டலாம், ஆனால் அதில் மாதத் தொகையும் காலமும் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். தொகை 850 என்றால் மாதம் 142 குறைகிறது, ஆறு மாதத்துக்கு 852 யூரோவை வேறு வழியில் காட்ட வேண்டியிருக்கும். புலமைப்பரிசில் நீங்கள் இறங்கிய அன்றே கைக்கு வராது, அங்கே வங்கிக்கணக்குத் திறந்த பின்னரே வரும். முதல் ஐந்து வாரச் செலவை வீட்டிலிருந்தே கொண்டுபோகுமாறு சொல்வேன். 2022இன் முற்பகுதியில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர் சில வாரங்களில் 350ஐத் தாண்டியதைப் பார்த்தவர்கள் நாம். கணக்கை ரூபாயில் போட்டு வைக்காதீர்கள்.

காப்புறுதி இல்லாமல் பதிவு செய்யமாட்டார்கள். முப்பது வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கான பொதுக் காப்புறுதி இப்போது மாதம் 140 யூரோவுக்கு மேல். மலிவென்று தனியார் காப்புறுதியை எடுத்துப் பொதுக் காப்புறுதியிலிருந்து விலக்குப் பெற்றுவிட்டால், அங்கே படிக்கும் காலத்தில் திரும்பிச் சேர முடியாது.

போய் இறங்கும் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. நான் இறங்கியது ஒரு சனிக்கிழமை இரவு. அம்மாவின் தோழியுடைய தம்பி ஒருவர் ஒரு மணித்தியாலத் தொலைவில் இருந்தார், அவர் தொலைபேசியில் முதலில் கேட்டது, "பிள்ளை, சாப்பிட ஏதும் வாங்கி வைச்சனீங்களோ? நாளைக்கு ஒரு கடையும் திறக்காது" என்பதுதான். ஞாயிறன்று அங்கே பல்பொருள் அங்காடிகள் பூட்டிக் கிடக்கும். பெரிய புகையிரத நிலையங்களுக்குள் உள்ள கடைகள் மட்டும் திறந்திருக்கும். விடுதி அறையில் கட்டிலும் மெத்தையும் இருந்தன, தலையணையும் போர்வையும் இல்லை. என் குளிர்ச் சட்டையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு, அம்மா கட்டித் தந்த பருத்தித்துறை வடையோடு அந்த ஞாயிறு கழிந்தது. வேலை நாளொன்றின் காலையில் போய் இறங்குங்கள்.

இறங்கி இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் ஒப்பமிட்ட உறுதிக் கடிதம் வேண்டும். அறையைப் பார்க்காமலே முற்பணம் கேட்பவர்களுக்கு அனுப்பாதீர்கள். மாணவர் விடுதிக்கான விண்ணப்பம் பல்கலைக்கழக விண்ணப்பத்திலிருந்து வேறானது, அனுமதிக் கடிதம் வரும்வரை காத்திருக்காமல் போட்டுவிட வேண்டும்.

வகுப்பில் இரண்டு விடயங்கள் என்னைத் தடுமாற வைத்தன. நேர அட்டவணையில் 10 என்றும் அதன் பக்கத்தில் சி.டி. என்ற இரு எழுத்துகளும் இருந்தால் வகுப்பு 10.15க்கே தொடங்கும், முதல் வாரம் முழுவதும் வெறும் மண்டபத்தில் நான் தனியே அமர்ந்திருந்தேன். மற்றது சிரிக்கக்கூடியதன்று. பாடத்துக்குப் பதிவதும் அதன் பரீட்சைக்குப் பதிவதும் வெவ்வேறு. இங்கே பாடத்துக்குப் பதிந்து 80 வீத வரவும் இருந்தால் பரீட்சை தானாக வரும். அங்கே வரவை யாரும் எண்ணுவதில்லை, ஆனால் பரீட்சைக்கு இணையத்தில் தனியாகப் பதியாவிட்டால் எழுத விடமாட்டார்கள். நான் ஒரு பாடத்தில் அந்தத் திகதியைத் தவறவிட்டேன். பேராசிரியரிடம் போய்க் கெஞ்சினேன். அவர் கோபிக்கவில்லை, இரங்கவும் இல்லை, விதியைக் காட்டினார். மார்ச்சில் நடந்த இரண்டாம் பரீட்சைக்காக விமானச்சீட்டை மாற்றியதில் புலமைப்பரிசிலின் ஒரு பகுதி கரைந்தது. ஆகவே திரும்பும் சீட்டை எடுக்கும்போது திகதி மாற்றக்கூடியதாகவே எடுங்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்படத் தேவையில்லை, நம்மவர் கடைகள் பெரும்பாலான நகரங்களில் இருக்கின்றன. கோடையில் போகிறவர்கள் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேரைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். தவில் நாதஸ்வரத்தோடு அந்தத் தேர் ஜேர்மனியத் தெருவிலேயே வரும்.

புறப்படும்போது முகவரிப் பதிவை நீக்குங்கள், இல்லாவிட்டால் மாதம் 18.36 யூரோ வானொலித் தொலைக்காட்சிக் கட்டணத்துக்கான கடிதங்கள் தொடர்ந்து வரும். வங்கிக்கணக்கை மட்டும் அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள். அறைக்குக் கொடுத்த முற்பணம் நீங்கள் கொழும்புக்கு வந்து பல வாரங்கள் கழிந்த பின்னரே அந்தக் கணக்குக்குத் திரும்பும். எனக்கு வந்தபோது அடுத்த அரையாண்டின் நடுப்பரீட்சையும் முடிந்திருந்தது.